எல்லோரும் பச்சை

அலாரம் அடிப்பதற்கு முன்பே விழிப்பு வந்துவிடும். அடிக்கும்வரை படுத்திருப்பான். அடித்ததும் அணைப்பான். தண்ணீர் குடிப்பான். பல் தேய்ப்பான். குளிப்பான். ஈரத் துண்டோடு பால்கனிக்குப் போய் அதைக் கொடியில் விரித்து, இரண்டு முனையிலும் கிளிப் மாட்டுவான். சுருக்கம் இருந்தால் இழுத்துவிடுவான். ஒரு சட்டைக்கு இஸ்திரி போடுவான். இரண்டு துண்டு ரொட்டி, ஒரு காபி. தட்டைக் கழுவிக் கவிழ்க்கும்போது அக்காவின் போன் வரும்.

"சாப்பிட்டியாடா?"

"ம்."

"என்ன சாப்பிட்ட?"

"ரொட்டி."

"நேத்தும் ரொட்டிதானே?"

"அது நேத்து ரொட்டி. இது இன்னைக்கு ரொட்டி."

அக்காவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. "சரி, பார்த்துப் போ," என்று வைத்துவிடுவாள். அவன் வீட்டைப் பூட்டி, பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு பஸ் ஏறுவான்.

அன்றும் அப்படித்தான் கிளம்பினான். கல்லூரி வாசலில் கால் வைத்ததும் துறைத்தலைவி அழைப்பதாகச் சேதி வந்தது.

அவன் அந்தக் கல்லூரியில் சீன மொழி ஆசிரியன். அவன் மனைவி அதே கல்லூரியில் மாணவர்களுக்கான மனநல ஆலோசகராக இருந்தவள். போன பருவத்தின் நடுவில் செத்துப்போனாள். இந்த மூன்று வாக்கியத்துக்கு மேல் தன்னைப் பற்றிச் சொல்ல அவனிடம் எதுவும் இல்லை. கேட்டால் இதைத்தான் சொல்வான், அதுவும் முகவரி சொல்கிற குரலில்.

துறைத்தலைவி நல்ல மனுஷி. ஒரே ஒரு கோளாறு, யாராவது சும்மா இருந்தால் அவருக்குப் பொறுக்காது. மௌனத்தைக் கண்டால் கை அரிக்கும். உடனே எதையாவது போட்டு நிரப்பிவிடுவார். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்து மார்பில் தொங்கவிட்டிருந்தார். அதை மாட்டிக்கொண்டு கணினித் திரையை அவன் பக்கம் திருப்பினார்.

"பாருங்க சார். நானே ராத்திரி பார்த்துட்டு அசந்துபோயிட்டேன்."

திரையில் ஒரு கோடு இருந்தது. அந்தக் கோடு என்னவென்று சொல்ல வேண்டுமானால் அட்டைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அட்டைகள் அவன் மனைவியின் யோசனை. சீனம் படிக்க வருகிற பிள்ளைகளை மிரட்டுவது எழுத்து என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். எழுத்தைப் பிள்ளைகள் எப்படியோ சமாளித்துவிடும். கட்டம் போட்ட தாளில் திரும்பத் திரும்ப எழுதினால் கைக்குப் பழகிவிடும். வாய் திறப்பதுதான் கண்டம். ஒரே சொல்லை மேலே நிறுத்திச் சொன்னால் ஒரு பொருள், ஏற்றிச் சொன்னால் ஒன்று, இறக்கி ஏற்றினால் ஒன்று, வெட்டி இறக்கினால் இன்னொன்று. நாலு பேர் முன்னால் தப்பாகச் சொல்லிச் சிரிப்பு வாங்கிய பிள்ளை அப்புறம் வாயைத் தைத்துக்கொள்ளும். இதை அவள் கண்டுபிடித்தாள். அவளுக்குச் சீனம் தெரியாது. பிள்ளைகளைத் தெரியும்.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இருவருமாக அட்டைகள் செய்தார்கள். எழுத்து அவனுடையது, கத்தரிக்கோல் அவளுடையது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வளையம், அதில் நாலு அட்டை. பச்சை என்றால் மகிழ்ச்சி. மஞ்சள் என்றால் களைப்பு. நீலம் என்றால் புரியவில்லை. சிவப்பு என்றால் பயம். ஒவ்வொன்றிலும் அதற்கான சீன எழுத்து. வகுப்பு தொடங்கும்போது எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு ஓர் அட்டையை உயர்த்த வேண்டும். அடுத்தவன் எதைக் காட்டுகிறான் என்று பார்த்துவிட்டுப் பொய் சொல்லக் கூடாது என்பதற்காகத்தான் கண்ணை மூடுவது. ஆசிரியர் மட்டும் பார்த்து, நிறங்களை எண்ணிக் கணினியில் போடுவார். ஆசிரியரும் ஓர் அட்டை உயர்த்த வேண்டும், அது அவள் விதி. சிவப்பும் நீலமும் காட்டிய பிள்ளைகளோடு வகுப்பு முடிந்ததும் தாழ்வாரத்து பெஞ்சில் அவள் உட்காருவாள். பெரிதாக ஒன்றும் சொல்லமாட்டாள். கேட்பாள்.

"பச்சை வரணும்னு நான் கேக்கலடா," என்பாள் அவனிடம். "நிஜம் வரணும். பிள்ளைங்க நல்லாயிருக்கிறதுன்னா எந்நேரமும் பல்லைக் காட்டிட்டிருக்கிறதா? பயமாயிருக்குன்னு சொல்றதுக்குப் பயப்படாம இருக்கணும். அது போதும்."

அந்த நாலு சீனச் சொற்களை மட்டும் கற்றுக்கொண்டாள். நாலையும் ஒரே இழுவையில் சொல்வாள். பிள்ளைகள் பெஞ்சிலிருந்து விழுந்து சிரிப்பார்கள். "இது அஞ்சாவது தொனி சார், மேடம் தொனி," என்பான் ஒருவன். தப்பாகப் பேசினால் வானம் இடிந்து விழாது என்பதைப் பிள்ளைகள் அவள் வாயிலிருந்துதான் கற்றுக்கொண்டார்கள்.

துறைத்தலைவி காட்டிய கோடு அந்த நிறங்களில் பச்சையின் கணக்கு. பல் வரிசை கெட்ட வாய் மாதிரி மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருந்தது. ஓரிடத்தில் விருட்டென்று உச்சிக்கு ஏறியது. அதற்குப் பிறகு இறங்கவேயில்லை. இஸ்திரி போட்டதுபோல் நேராக ஓடியது.

"இதோ இந்த வாரத்துல இருந்துதான்," துறைத்தலைவியின் விரல் திரையைத் தொட்டது.

கீழே தேதி இருந்தது. அந்த வாரம் அவனுக்குத் தெரியும்.

அவள் செத்து, லீவு முடிந்து அவன் வகுப்புக்குத் திரும்பிய வாரம்.

அவள் செத்ததிலிருந்து வகுப்பு முழுவதும் மகிழ்ச்சி. ஒரு மஞ்சள் இல்லை. ஒரு நீலம் இல்லை. இந்த எண்களைப் போட்டதே அவன்தான். ஒவ்வொரு வகுப்பிலும் பச்சைக் கட்டத்தில் முழு எண்ணிக்கை, மற்ற மூன்றிலும் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். கையெழுத்துப் போடுவதுபோல் போட்டிருக்கிறான். கண் பார்த்திருக்கிறது, மண்டைக்கு ஏறவில்லை.

"இவ்வளவு பெரிய துக்கத்துலயும் பிள்ளைங்களை இப்படி மேல கொண்டு வந்திருக்கீங்க. நேர்மறை உளவியல், நேர்மறை உளவியல்னு ஊரே பேசுது சார். நீங்க செஞ்சு காட்டிட்டீங்க." துறைத்தலைவியின் குரல் தழுதழுத்தது. "இன்னைக்கு வேற காலேஜ்ல இருந்து ரெண்டு பேர் வர்றாங்க. உங்க கிளாஸ்ல பின்னாடி உக்காந்து பார்ப்பாங்க. அவங்களுக்குப் பிடிச்சுட்டா எல்லா இடத்துக்கும் இது போகும். மேடம் பேர்லயே போகும். மேடம் கடைசியா கேட்டதும் அதுதானே?"

அவன் தலையாட்டினான். தலை தானாக ஆடியது.

'மேடம் கடைசியா கேட்டது' என்ற அந்தக் கதையும் இப்படித்தான் தானாக நடந்தது. அவள் செத்த அன்று காலை அவன் அவசரமாகக் குளித்து, உடுத்தி, கிளம்பினான். உள்ளறையிலிருந்து அவள் ஏதோ சொன்னாள். அவன் பதில் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனான். பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது பக்கத்து வீட்டுக்காரரின் போன். பால்கனிக் கதவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் கிடந்தாளாம். மூளைக்குள் ஒரு குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர், வீட்டுக் குழாயைப் பற்றிச் சொல்வதுபோல. அவள் வயதுக்கு இது அபூர்வம் என்றும் சொன்னார். அபூர்வம் என்ற சொல்லை அதுவரை அவன் நல்ல விஷயத்துக்குத்தான் பயன்படுத்தியிருந்தான்.

வீடு நிறைய ஆட்கள். துறைத்தலைவி அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா என்ன சொன்னாங்க சார்?" என்று கேட்டார். அவனுக்கு வாய் வரவில்லை. அந்த மௌனத்தை அவனுடைய மச்சினனாலும் தாங்க முடியவில்லை. அவள் தம்பி, பாவம், அழுது வீங்கிய முகத்தோடு குறுக்கே வந்து, "அக்காவுக்குப் பிள்ளைங்க நெனப்புதான் மேடம். பிள்ளைங்க சந்தோஷமா இருக்கணும்னு சொல்லிட்டே இருப்பா," என்றான். கல்லூரி இரங்கல் கூட்டத்துக்குள் அது, 'பிள்ளைகள் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார்' என்று ஆகிவிட்டது. கூட்டம் முழுவதும் விம்மியது. முன்வரிசையில் உட்கார்ந்து அவன் மைக்கின் ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தான். திருத்துவதற்கு எழுந்து நிற்க வேண்டும். எழுந்து நிற்கக் கால் வேண்டும்.

வகுப்புக்குப் போக இரண்டு மாடிப்படிகள் உண்டு. முன்படியில் போனால் தாழ்வாரத்து பெஞ்சைக் கடக்க வேண்டும். அவன் திரும்பி வந்ததிலிருந்து பின்படிதான். பின்படி முடிகிற இடத்தில் தண்ணீர்க் குழாய் இருக்கும்.

அங்கே அவனுடைய மாணவி ஒருத்தி தொட்டியைப் பிடித்துக் குனிந்து நின்றாள். உமட்டிக்கொண்டிருந்தாள். வெளியே வருவதற்கு வயிற்றில் ஒன்றும் இல்லை போலும், தண்ணீர்தான் வந்தது. முதுகு தூக்கித் தூக்கிப் போட்டது.

வகுப்பில் அவளுக்கு எதிரொலி என்று பட்டப்பெயர். எதைச் சொன்னாலும் அச்சு அசலாகத் திருப்பிச் சொல்வாள். தொனி இம்மி பிசகாது. ஆனால் யாரும் முன்னால் சொல்லாமல், சொந்தமாக ஒரு வாக்கியம் பேசு என்றால் உதடு உறைந்துவிடும். மனைவி இருந்தபோது அந்தப் பெண் பாதி நாள் சிவப்பு காட்டும், பாதி நாள் பெஞ்சில் உட்காரும்.

"என்னம்மா?"

எதிரொலி திடுக்கிட்டுத் திரும்பினாள். துப்பட்டாவால் வாயைத் துடைத்தாள். "ஒண்ணுமில்ல சார். தண்ணி குடிச்சேன். புரையேறிடுச்சு."

"டாக்டர்கிட்ட போறியா?"

"இல்ல சார். நல்லாயிருக்கேன் சார். சந்தோஷமா இருக்கேன் சார்."

உமட்டிக்கொண்டிருந்த பெண் சந்தோஷமாக இருக்கிறேன் என்றது அவன் காதில் இடறியது. அவன் மேலே கேட்பதற்குள் அவள் ஓடிவிட்டாள்.

வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும். முன்பெல்லாம் இது சந்தைக்கடை. அவனுக்கே மூணாந்தொனி என்று பெயர் வைத்திருந்தார்கள். மூன்றாவது தொனி இறங்கித்தான் ஏறும், சார் மூஞ்சியும் அப்படித்தானாம். பெயர் வைத்தவன் மைக், வகுப்பின் வாயாடி. அவனுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை என்பதால் அந்தப் பெயர். இப்போது மைக்கும்கூடக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். யாரும் யாரையும் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டு எவ்வளவு நாளாயிற்று என்று ஆசிரியன் முதன்முறையாக யோசித்தான்.

பின்வரிசையில் துறைத்தலைவி. அவர் பக்கத்தில் விருந்தாளிகள் இருவர், ஒரு வழுக்கைத்தலைக்காரர், ஓர் இளம் பெண்மணி.

"கண்ணை மூடுங்க," என்றான். "அட்டை."

எல்லாக் கைகளும் உயர்ந்தன. பச்சை. முன்வரிசை பச்சை, நடுவரிசை பச்சை, ஜன்னலோரம் பச்சை. மழை விட்ட மறுநாள் வயல் மாதிரி இருந்தது. பின்னால் வழுக்கைத்தலைக்காரர், "அற்புதம்," என்று மூச்சோடு சொன்னது கேட்டது.

அவனும் தன் வளையத்தை உயர்த்தினான். மேலே இருந்தது பச்சை. வகுப்பே கண்ணை மூடியிருக்கும்போது ஆசிரியர் எதைக் காட்டினால் என்ன? இத்தனை நாளும் மேலே இருந்ததையே காட்டியிருக்கிறான்.

எண்ணுவதற்காகப் பார்வையை ஓட்டினான். எதிரொலியிடம் வந்ததும் பார்வை நின்றுவிட்டது.

அவள் கை நேராக உயர்ந்திருந்தது. கையில் பச்சை அட்டை, அதில் அவனே எழுதிய மகிழ்ச்சி. கண் இறுக மூடியிருந்தது. மூடிய இமைக்கு அடியிலிருந்து தண்ணீர் வழிந்து, கன்னத்தில் இறங்கி, முகவாயில் தொங்கி, மேசையில் சொட்டியது. துடைக்கவில்லை. ஒரு கையில் அட்டை, மறு கை மேசையின் விளிம்பைப் பிடித்திருந்தது, வண்டி ஓடும்போது கம்பியைப் பிடிப்பதுபோல.



"யாரும் கண்ணைத் திறக்காதீங்க," என்றான். தன் குரல் வேறு யாருடையதோ போல் இருந்தது. "இப்ப வேற அட்டையை எடுங்க. நிஜமானதை."

ஒரு கையும் அசையவில்லை.

நடந்து போய் எதிரொலியின் விரலிலிருந்து வளையத்தை மெல்ல எடுத்தான். வளையத்தில் ஒரே ஓர் அட்டை. அடுத்த பெண்ணின் வளையத்தை வாங்கினான். ஒரே அட்டை. அதற்கடுத்த பையனுடையது. ஒரே அட்டை. வரிசை மாறினான். பச்சை மட்டும். பச்சை மட்டும். நடையை விரைவாக்கினான். பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"என்னாச்சு சார்?" துறைத்தலைவி.

அவன் திரும்பவில்லை. "கண்ணைத் திறங்க. மத்த அட்டையெல்லாம் எங்க?"

எல்லோரும் மைக்கைப் பார்த்தார்கள். மைக் தன் காலைப் பார்த்தான்.

"மைக். கேட்டேன்ல?"

பட்டப்பெயரை அவன் வாயிலிருந்து கேட்டதும் மைக்கின் முகம் கோணியது. காலுக்கடியில் இருந்து ஒரு துணிப்பையை எடுத்தான். மேசைமேல் கவிழ்த்தான். மஞ்சள், நீலம், சிவப்பு. குவியலாகக் கொட்டின. சில வழுக்கித் தரையில் விழுந்தன.

"மேடம் கையால வெட்டினது சார். தூக்கிப் போட மனசு வரல. தினமும் நான்தான் தூக்கிட்டு வந்து தூக்கிட்டுப் போறேன்."

"ஏன்?"

"நீங்க லீவு முடிஞ்சு வந்த அன்னைக்கு… யாராவது சிவப்பு காட்டிட்டா உங்களுக்குத் தாங்காதுன்னு நெனச்சோம் சார். எல்லாருமா பேசி முடிவு பண்ணினோம். கண்ணை மூடிட்டு எடுக்கிறப்ப கை தவறி வேற கலர் வந்துடக் கூடாதுல்ல? அதான் கழட்டிட்டோம்."

"இத்தனை நாளும்?"

"மேடம் கடைசியா கேட்டது அது ஒண்ணுதானே சார். நாங்க சந்தோஷமா இருக்கணும்னு." மைக்கின் குரல் உடைந்தது. உடைந்த குரலிலும் வாய் சும்மா இருக்கவில்லை. "எங்க கிளாஸ்ல எல்லாரும் ஒரே சமயத்துல சந்தோஷமா இருக்கணும்னா அன்னைக்கு லீவு விட்டாத்தான் சார் உண்டு. நீங்க கண்டுபிடிச்சுடுவீங்கன்னு தினமும் பயந்தோம். நீங்க கண்டுபிடிக்கவே இல்ல."

அவன் மேசையைப் பிடித்துக்கொண்டான். தன்னைத் தூக்கிப் பிடிக்க ஒரு வகுப்பே கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கி நின்றிருக்கிறது. அவள் எதற்காக இந்த அட்டைகளை வெட்டினாளோ, அதற்கு நேர் எதிராக. அவள் பெயராலேயே.

"எதிரொலிக்கு என்ன?" என்றான்.

மைக் அவளைப் பார்த்தான். அவள் தலை குனிந்திருந்தாள். பதில் சொன்னது அவள் பக்கத்தில் இருந்த பெண். "அடுத்த வாரம் வாய்மொழித் தேர்வு சார். அதை நெனச்சாலே வாந்தி எடுக்கறா. சாப்பிடறதில்ல. தேர்வன்னைக்கு வரமாட்டேன், அதோட படிப்பையே விட்டுடறேன்னு சொல்றா. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு எங்ககிட்ட சத்தியம் வாங்கிட்டா."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

இப்போது எதிரொலி நிமிர்ந்தாள். "எங்க சார் சொல்றது? நீங்க அந்தப் பக்கமே வர்றதில்லையே. பின்படியிலதான போறீங்க? அந்த பெஞ்சுல இப்ப யார் உக்காருவா?"

அது குற்றச்சாட்டு அல்ல, கேள்வி. பச்சையே வந்துகொண்டிருந்தால் பெஞ்சில் யாரும் உட்கார வேண்டியதில்லை. அவனுக்கும் அது வசதியாகத்தான் இருந்திருக்கிறது.

"அவ அப்படிச் சொல்லல," என்றான்.

"சார்?"

"உங்க மேடம். சந்தோஷமா இருங்கன்னு சொல்லிட்டுச் சாகல. அவ அப்படிச் சொல்லவே இல்ல."

"சார், இப்ப வேண்டாமே," துறைத்தலைவி எழுந்து வந்தார். கண் விருந்தாளிகள் பக்கம் போய்ப் போய் வந்தது. "உங்க வீட்டுலதானே சொன்னாங்க, உங்க மச்சினன்…"

"அவ சொல்லிட்டே இருப்பான்னுதான் அவன் சொன்னான். கடைசியா அவ சொன்னதா சொல்லல. நான் அங்கேயே நின்னேன். எனக்கு வாய் வரல மேடம். அதுக்குள்ள கதை ஊரெல்லாம் போயிடுச்சு."

துறைத்தலைவி ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. அவரைத் தெரிந்தவர்களுக்கு அது ஓர் அதிசயம்.

அவன் தன் வளையத்தை எடுத்தான். அதில் மட்டும் நாலு அட்டையும் இருந்தன. பச்சையைத் தள்ளினான். மஞ்சளைத் தள்ளினான். நீலத்தில் விரல் நின்றது. புரியவில்லை. பாடம் புரியாத பிள்ளைகளுக்காக எழுதிய அட்டை. அதை உயர்த்திப் பிடித்தான். இந்தத் தடவை எல்லோரும் கண்ணைத் திறந்திருந்தார்கள்.

"இதுதான் எனக்கு," என்றான். "அன்னையில இருந்து இதுதான். காலையில நல்லாயிருந்தா. எனக்குப் புரியல."

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

மைக் மெதுவாகக் கேட்டான். "அப்ப… மேடம் நிஜமா கடைசியா என்ன சார் சொன்னாங்க?"

அக்கா கேட்டதில்லை. மாமியார் கேட்டதில்லை. கதைதான் எல்லோருக்கும் கிடைத்துவிட்டதே. அவன் யாரிடமும் சொன்னதில்லை. அங்கே, குவிந்து கிடந்த அட்டைகளுக்கு முன்னால், அதைச் சொன்னான். பாடப் புத்தகத்தில் ஒரு வரியை வாசிப்பதுபோல, ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னான்.

முதலில் ஒருவருக்கும் விளங்கவில்லை. பிறகு மைக்கின் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வெடித்தது. வாயைப் பொத்திக்கொண்டான். தோள் குலுங்கியது. பக்கத்தில் இருந்தவன் அவனை அடிக்கக் கை ஓங்கி, தானும் சிரித்துவிட்டான். ஜன்னலோரப் பெண்கள் அழுதுகொண்டே சிரித்தார்கள். "மேடம்தான், மேடமேதான்," என்று யாரோ சொன்னது கேட்டது. சாவு வீட்டில் சிரித்துவிட்டவர்கள் மாதிரி எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துப் பயந்துபோய், மறுபடி சிரித்தார்கள்.

அப்புறம் யாரும் சொல்லாமலே எழுந்து வந்தார்கள். குவியலில் கைவிட்டார்கள். மைக் மஞ்சள் எடுத்தான். "இந்தப் பையைத் தூக்கியே களைச்சுப் போச்சு சார்." ஒருத்தி நீலத்தில் இரண்டை எடுத்தாள். ஒன்று போதாதாம். துறைத்தலைவி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, குனிந்து, தரையில் கிடந்த ஒரு மஞ்சளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

எதிரொலி கடைசியில் வந்தாள். சிவப்பை எடுத்தாள். உயர்த்திப் பிடித்தாள். அவளுக்கு முன்னால் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. திருப்பிச் சொல்ல அந்த அறையில் எதுவும் இல்லை.

"வோ பா," என்றாள் சீனத்தில். எனக்குப் பயம்.

இரண்டே சொல். இரண்டாவது கொஞ்சம் உடைந்தது. தொனி சரியாக விழுந்ததா என்று அவன் கவனிக்கவில்லை. அந்தப் பெண் சொந்தமாகச் சீனத்தில் பேசி அவன் கேட்டது அதுதான் முதல் தடவை. அவளுக்கே அது தாமதமாகத்தான் உறைத்தது. வாயில் கைவைத்து, தன் வாயிலிருந்து வந்ததுதானா என்று பார்ப்பவள்போல் நின்றாள்.

விருந்தாளிகள் போகும்போது வழுக்கைத்தலைக்காரர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். அவருக்குப் பிடித்திருந்ததா என்று தெரியவில்லை. அவன் கணினியில் அன்றைய எண்களைப் போட்டான். கோடு உச்சியிலிருந்து பாதாளத்துக்கு விழுந்தது. பிறகு எழுந்து, முன்படி இருக்கிற பக்கமாக நடந்தான்.

பெஞ்சில் எதிரொலி உட்கார்ந்திருந்தாள். அவன் மறுமுனையில் உட்கார்ந்தான். பெஞ்சின் ஒரு கால் ஆடியது. இது ஆடும் என்று மனைவி சொல்லியிருக்கிறாள். மறந்துபோயிருந்தான்.

"தேர்வு வரைக்கும் தினமும் இங்க உக்காருவோம்," என்றான். "நீ ஏதாவது சொல்லு. தப்பா சொல்லு. நான் மேடம் மாதிரி இல்ல. எனக்குக் கேக்கத் தெரியாது. கத்துக்கறேன்."

"சரி சார்."

"முதல்ல போய்ச் சாப்பிடு."

அவள் எழுந்திருக்கவில்லை. வளையத்தில் சிவப்பை மாட்டினாள், கழற்றினாள், மாட்டினாள். "சார், ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"மேடம் சொன்னதா சொன்னீங்களே. அதே வார்த்தையா?"

"அதே வார்த்தை."

"ஆனா மேடம் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாங்க சார். நீங்க சொன்னது தட்டையா இருந்துச்சு." அவள் தயங்கினாள். "எங்க ஏறுச்சு, எங்க இறங்குச்சு சார்?"

அவன் அவளைப் பார்த்தான். வகுப்பில் தொனி சொல்லிக்கொடுக்கும்போது செய்வதுபோல வலது கையைத் தூக்கினான். காற்றில் கோடு போட்டான். முதல் சொல் மேலே, நிறுத்தி. அடுத்து வெட்டி இறங்கியது. பிறகு படிப்படியாக ஏறி, ஏறி, முடிகிற இடத்தில் உச்சியில் தொங்கியது. எத்தனையோ காலைகளில் காதில் விழுந்தும் விழாமலும் போன பாட்டு. ஓர் இடத்திலும் பிசகவில்லை. எதிரொலியின் உதடு அவன் விரலைத் தொடர்ந்து அசைந்தது.

கையை விடாமல், இந்தத் தடவை மனைவியின் குரலில், அவள் ஏற்ற இறக்கத்தில் சொன்னான்:

"எருமை! ஈரத் துண்டைக் கட்டில்மேல போடாதன்னு எத்தனை தடவடா சொல்றது?"